ஒரு மண்டலம் நானாக இருந்தவன்

எனக்கு அவனைக் கண்டால் பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. செங்கல்லே சிவந்து போகிற சூளைக்கு முன்னால் பதினான்கு வருஷம் நின்றவன் நான். அப்படிப்பட்ட நான், ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்த ஓர் ஆள், டீக்கடை பெஞ்சில் சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

ஊரில் அவனுக்கு ‘டைரக்டரு’ என்று பேர். அதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. கேமராவைக் கல்யாண வீட்டில் தவிர வேறெங்கும் தொட்டதில்லை. சென்னையில் வடபழனிப் பக்கம் ஒரு மாடியில் நடிப்புச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரிடம் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தான். “அப்ப ஹீரோ ஆவப் போற” என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

“டைரக்சன் பண்ணப் போறவன் நான். நடிகனுக்கு உள்ளார என்னா நடக்குதுன்னு தெரியாதவன், கேமரா பக்கத்துல நின்னு ஆக்‌ஷன்னு கத்தக் கூடாதுண்ணே. அதான் மொதல்ல மெத்தட் ஆக்டிங் படிக்கிறேன்” என்பான்.

வாத்தியார் அவனுக்கு ஒரு பாடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆறு மனிதர்கள். ஒவ்வொருவராகவும் ஒரு மண்டலம் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாளும் அந்த ஆளாகவே சாப்பிட்டு, நடந்து, தூங்கி எழ வேண்டும். ஆறையும் முடித்துவிட்டு வந்தால் ஒரு நல்ல டைரக்டரிடம் உதவிக்குச் சேர்த்துவிடுவதாக வாக்கு. நாற்பத்தெட்டு நாள் என்றதும் ஊருக்கும் அது புரிந்துவிட்டது. மாலை போட்ட சாமியைப் போல அவனை நடத்தினார்கள். “டைரக்டரு வெரதத்துல இருக்கான், அவன்கிட்ட வம்பு வெச்சுக்காதீங்க” என்று டீக்கடைக்காரரே சொல்வார். மண்டலம் முடிகிற அன்று அவன் மணிமுத்தாற்றில் முழுகி எழுவான். ஆறு காய்ந்து கிடந்தால் கரையோரம் இருக்கிற போர்செட்டில் தலையைக் கொடுப்பான். முழுகியவன் வேறு, எழுந்தவன் வேறு. எழுந்ததும் பழையபடி நகத்தைக் கடித்துக்கொண்டு இளித்துக்கொண்டு வருவான்.

இதெல்லாம் ரெண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். இப்போது அவன் சென்னையில்தான் இருக்கிறான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லோரும் எழுந்து போய்விட்டாலும் நான் மட்டும் உட்கார்ந்து தேடுகிறேன். இன்னும் கண்ணில் படவில்லை.

அவன் அம்மா எங்கள் பீங்கான் யூனிட்டில்தான் வேலை செய்தாள். காய்ந்த மின்சார ஃபியூஸ் கட்டைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. அவனுடைய முதல் ஆள் ஒரு பஸ் கண்டக்டர். தினமும் திட்டக்குடி பஸ்ஸில் பின்படிக்கட்டருகே நின்றபடியே போய் நின்றபடியே திரும்பினான். பத்தாம் நாள் அந்த அம்மா வேலைக்கு வந்தவள் முக்குகிற தொட்டியருகே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

“என்னாம்மா?” என்றேன்.

“சோறு போட்டுட்டு அடுப்பங்கர வாசல்ல நின்னேன். ‘வழியில நிக்காத, உள்ள போ உள்ள போ’ன்றான். எம்புள்ள வூட்டுலயே இல்லீங்க. ஒரு கண்டக்டருதான் இருக்கான்.”

நாங்கள் சிரித்தோம். அந்த வருஷம் மாசி மகத்தன்று பழமலைநாதர் கோயில் வாசலில் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. போலீஸ் கத்தியும் நகரவில்லை. இவன் தூணோரம் நின்று, “முன்னாடி எல்லாம் காலியாத்தான இருக்குது, நகருங்க, நகருங்க” என்று ஒரு குரல் கொடுத்தான். அத்தனை பேரும் நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் பயபக்தியோடு டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். அதுவரை எனக்கும் அவன் ஒரு வேடிக்கைதான்.

பயம் பிடித்தது மூன்றாவது ஆளிடம். கம்மாபுரம் பக்கம் ஒரு விவசாயி. அவருடைய நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. தினமும் விடிந்ததும் வேலி வரைக்கும் நடந்து போய், வாய்க்கால் மடை திறக்கிறவர் போல ஒரு முறை குனிந்து, பிறகு நிமிர்ந்து சும்மா நின்றுவிட்டுத் திரும்புவார். இவன் அவரோடு போய் நின்றான். அவர் குனிந்தால் குனிந்தான். முப்பது நாளைக்கு மேல் பொறுத்த அந்த மனுஷன் ஒரு நாள் இவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார். நான் உறவுக்காரர் வீட்டுக்குப் போனவன், தற்செயலாகப் பார்த்தேன்.

“அது என் வயித்தெரிச்சல்டா. அத எதுக்குடா நீ எடுத்துக்கிட்டுப் போற?” என்று கேட்டுவிட்டு அழுதார்.

இவனும் அழுதான். கேலியாக இல்லை. அவர் எப்படி அழுதாரோ அப்படி, வாயைத் திறக்காமல், தாடை மட்டும் ஆட அழுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஏன் அவர் மடை திறக்கிறவர் போலக் குனிகிறார் என்று கேட்டேன்.

“தெரியாதுண்ணே. காரணம் கேக்க மாட்டேன். காரணம் தெரிஞ்சிட்டா மூளை நடிக்க ஆரம்பிச்சிடும். மொதல்ல ஒடம்பு. ஒடம்ப அப்பிடியே எடுத்துக்கிட்டா மத்தது தானா வரும்.”

இதுதான் அவன். எதற்கென்று கேட்கவே மாட்டான். ஒரு மனிதனின் கையை, காலை, கழுத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போவான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. மூட்டை தூக்குகிறவனுக்கு மூட்டைக்குள் இருப்பது தெரியாத மாதிரி. அன்று பஸ்ஸில் அவனை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். ஏனென்றால் என் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இடப்பக்கம் தெரியாது. கண் நேரே பார்த்தால் கத்தி மாதிரித் தெரியும். ஆனால் இடப்பக்கமாக வருவது எதுவும், வந்து இடிக்கிற வரைக்கும் கிடையாது. வலப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சூளைக்கு அது தடையாகவும் இல்லை. சூளைச் சுவரில் ஒரு செங்கல்லை உருவினால் ஓட்டை. உள்ளே சின்னதாக ஒரு மண் கூம்பு இருக்கும், கோன் என்போம். சூடு பதமானால் அது தலை குனியும். அதைப் பார்த்துத் தீயை நிறுத்துவதுதான் என் வேலை. அந்த ஓட்டை வழியாகப் பார்ப்பதில் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஓட்டையைச் சுற்றி இருக்கிற உலகம்தான் எனக்குக் காணாமல் போயிருந்தது. பக்கத்தில் இன்னும் சுடாத பச்சைப் பீங்கான் அடுக்கிய பலகையோடு ஆள் வருவதும், தள்ளுவண்டி வருவதும் தெரியாது.

என் அப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். என் பதினைந்தாவது வயதில் அவரைக் கக்கூஸுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவன் நான். பெண் பார்க்கப் போனபோது, என் மனைவியின் பெரியப்பா முகத்துக்கு நேரே கேட்டார்: “அப்பாருக்குக் கண்ணு போயிடுச்சாமே, அது பரம்பரையா?” நான் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்போது அது பொய்யில்லை. அவள் என்னை நம்பித்தான் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் அழுத்தம், போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்பதெல்லாம் பிற்பாடு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த இரண்டு வருஷமும் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: டாக்டரிடம் போனால் அவர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார். சொன்னால் சூளையும் போகும், அவளும் என்னை ஒரு பொய்யனாகப் பார்ப்பாள். அதனால் பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று மொபட்டை நிறுத்தினேன். சுவரோரமாக, இடது புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கப் பழகினேன். கோழி மாதிரி வெட்டி வெட்டித் தலையைத் திருப்பினேன். யாரும் கவனிக்கவில்லை என்று நம்பினேன்.

புரட்டாசி ஆரம்பத்தில் ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே ஒருவன் வந்தான். சுவரோரமாக வந்தான். இடது புறங்கை சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தது. பத்தடிக்கு ஒரு முறை தலை வெட்டென்று இடப்பக்கம் திரும்பி வந்தது. செத்துப்போன அப்பாதான் வருகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கிட்டே வந்ததும் பார்த்தால் டைரக்டர்.

“என்னாடா இது?” என்றேன்.

“நாலாவது ஆளு நீங்கதாண்ணே. நேத்துதான் ஆரம்பிச்சேன்.” என் குரலிலேயே சொன்னான்.

அவனை ஒரு சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனேன். “ஊருல வேற ஆளே கெடைக்கலையா? ரயில்வே போர்ட்டரு இல்ல? பூ கட்டுறவரு இல்ல? வேற யாரையாவது புடி. ஒனக்குப் புண்ணியமா போவும்.”

“ஆரம்பிச்சிட்டா மாத்தக் கூடாதுண்ணே. மாலைய பாதியில கழட்ட முடியுமா?”

“எங்கிட்ட என்னாடா இருக்குது?”

அவன் யோசித்தான். “உங்க நடையில ஒரு கெத்து இருக்குது. ஒரு பக்கத்து ஒலகத்தையே கண்டுக்காத மாதிரி.”

அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாதது போலப் பேசுகிறானா என்று எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நிமிர்ந்து நடந்து பார்த்தேன். இரண்டு பேர் மேல் மோதினேன். அவனும் மறுநாள் நிமிர்ந்து நடந்து இரண்டு பேர் மேல் மோதினான். சூளை ஓட்டையில் நான் கண் வைத்தால், எதிர்ச் சுவரில் ஓட்டை இருப்பதாக நினைத்து அவன் கண் வைத்தான். முதலாளி அதை ரசித்தார், விளம்பரம் என்று நினைத்தாரோ என்னவோ.

என் மனைவிக்கு அவன் மேல் கொள்ளைப் பாசம். “தம்பி, வா, சாப்பிடு” என்று என் பக்கத்திலேயே இலை போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடப்பக்கம் அவள் வைத்த சொம்பை நான் கை வீசிக் கவிழ்த்தேன். அடுத்த நிமிஷம் அவனும் தன் சொம்பைக் கவிழ்த்தான்.

“ஒரே பந்தியில ரெண்டு சொம்பா?” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏங்க, நீங்க தெனம் கவுக்கிறதையும் உட மாட்றான் பாருங்க.”

தினம் என்று சொன்னாளே, அது என்னைச் சுட்டது. தலை குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவனும் பிசைந்தான்.

ஆயுதபூஜை வந்தது. பீங்கான் யூனிட்டில் அன்றைக்குத்தான் சூளை குளிர்ந்திருக்கும். சூளைக் கதவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. அச்சுகளையும் பலகைகளையும் கழுவி அடுக்கி, சூளைக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, பொரி கடலை பரப்பியிருந்தார்கள். என் மனைவி வீட்டில் தையல் மெஷினுக்குப் பூஜை போட வேண்டும் என்று வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் கடவுள் என் பக்கம் இருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்ததும் யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். “டைரக்டரே, ஒண்ணு செஞ்சு காட்டு.”

“இப்ப நான் அண்ணன்” என்று என்னைக் காட்டினான்.

“அவரையே காட்டு!”

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கூச்சப்படுகிறேன் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவன் அச்சுக் கொட்டகையிலிருந்து சூளைக்கு நடக்க ஆரம்பித்தான். புறங்கை சுவரைத் தொட்டது. தலை வெட்டியது. “அப்பிடியே, அப்பிடியே!” என்று சிரிப்பு. சுவர் முடிந்தது. தொட ஒன்றும் இல்லாமல் நேராகச் சூளையைப் பார்த்து வேகமாக நடந்தான். இடப்பக்கம் குத்துவிளக்கு. நான் நேரே நின்றதால் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவன் நிற்கவில்லை. தொடை இடித்து விளக்கு சாய்ந்தது. எண்ணெய் கொட்டி, வேட்டி ஓரத்தில் தீ ஏறியது.

பெண்கள் கத்தினார்கள். அவன் அம்மாதான் சாக்கை எடுத்து அடித்து அணைத்தாள். அடித்த கையோடு முதுகில் ஒன்று வைத்தாள்.

“பூச அதுவுமா வெளக்க சாச்சிட்டியேடா! கண்ணு தெரியல?”

அவன் என் குரலிலேயே, நிதானமாகச் சொன்னான்: “அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் இல்லியேம்மா.”

சிரிப்பு நின்றது. முதலாளி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். “அவன் பண்றது நெசமாய்யா?”

“கூத்து அடிக்கிறான் மொதலாளி” என்றேன்.

பலகை தூக்குகிற ஆள் ஒருவன் இழுத்தான்: “போன மாசம் என் பலகைய இடிச்சாரு. நான்தான் குறுக்க வந்துட்டேன்னு என்னையத் திட்டினாரு.”

“நான் தெனம் கும்புடு போடுவேன். திரும்பவே மாட்டாரு. சூளைக்காரருக்குத் திமிருன்னு நெனச்சேன்” என்றாள் ஒருத்தி.

“அவருக்கு எந்தப் பக்கமா நின்னு போட்ட? எடப்பக்கமா?” என்றான் பலகைக்காரன்.

“ஆமா, அந்தப் பக்கம்தான்.”

ஒவ்வொருவராக ஒவ்வொன்று எடுத்தார்கள். யாருக்கும் என் மேல் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முதலாளி கிட்டே வந்து தோளில் கை வைத்தார். “தீ இருக்கிற எடம்யா. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அது வரைக்கும் சூளைப் பக்கம் வராத.” பொரிப் பொட்டலத்தை என் கையில் வைத்து மூடினார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் பொட்டலத்தை மட்டும் கொடுத்தேன். தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எங்கே போகிறேன் என்று என்ன பொய் சொல்லலாம் என யோசித்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு எனக்கு இடப்பக்கம். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போகிறேன் என்று குரல் கொடுத்ததும் கேட்டது.

அவன் வந்தான். தலை ஈரமாக இருந்தது. தீய்ந்த வேட்டியோடு வந்து என் வலப்பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

“திருப்திதான ஒனக்கு? வேல போச்சு. ரெண்டு வருசமா கண்ணு தெரியலன்றத பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன்டா. எங்கப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குது. அவ வூட்டுல அன்னிக்கே கேட்டாங்க. இல்லன்னு சத்தியம் பண்ணிக் கட்டிக்கிட்டு வந்தேன். இப்ப அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? எப்பிடிச் சொல்லுவேன்?”

“கண்ணுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. கெத்துன்னுதான் நெனச்சேன்.” ஈரத் தலையைத் தொட்டுக் காட்டினான். “பாதியிலயே கழட்டிடலாம்னு முழுவிட்டு வந்தேன். மூணு தடவ முழுவிட்டேன். வெளிய வர முடியலண்ணே. அந்தப் பக்கம் திரும்பவே பயமா இருக்குது. அங்க ஒண்ணுமே இல்லாம போயிருக்குமோன்னு பயமா இருக்குது.”

கழுத்து விறைத்திருந்தது. நடிப்பில்லை. இரண்டு வருஷமாக நான் சுமந்த பயம் முழுக்க அந்த ஒல்லி முகத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளும் முகம் கழுவும்போது கண்ணாடியில் நான் பார்க்காமல் தவிர்த்த முகம் அது. பிடித்த சட்டை தானாக என் கையிலிருந்து நழுவியது. பாவமாக இருந்தது. அவனுக்கா, எனக்கா என்று தெரியவில்லை.

அவன் தாடையைப் பிடித்தேன். “திரும்புடா. எனக்குத்தான் அந்தப் பக்கம் தெரியாது. ஒனக்கு நல்ல கண்ணு. பாரு.”

“வேணாண்ணே.”

“பாத்து, என்னா இருக்குதுன்னு சொல்லு.”

கொஞ்சம் கொஞ்சமாக, என்னைத் தாண்டி, கதவுப் பக்கம் அவன் முகத்தைத் திருப்பினேன். அவன் கண் அங்கே போனதும் மூச்சை இழுத்தான்.

“அண்ணி நிக்கிறாங்கண்ணே.”

அவன் தாடையிலிருந்து கையை எடுத்தேன். “எவ்ளோ நேரமா?”

“தெரியல. கையில சுண்டல் கிண்ணம் இருக்குது. அழுவுறாங்க.”

நான் தலையைத் திருப்பவில்லை. தைரியம் இல்லை. கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கொலுசு என் பின்னால் நடந்து, அவனையும் தாண்டிச் சுற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிகிற இடத்துக்கு, நேர் எதிரே, வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“தம்பி, காலைல மொத பஸ்ஸுக்கு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் கூட வரணும். இவுரு டாக்டர்கிட்டயும் நல்லாத்தான் இருக்குதுன்னு பொய் சொல்லுவாரு. நீ நடந்து காட்டு.”